ஐரோப்பாவிலிருந்து என்எஃப்எல்: எந்த வயதில் எந்த வழி?

2024 ஜனவரியில் வேல்ஸ் ரக்பி அணியின் விங்கர் லூயி ரீஸ்-ஸாமிட், சிக்ஸ் நேஷன்ஸ் போட்டிக்கான அணி அறிவிக்கப்பட இருந்த அதே நாளில், ரக்பியை விட்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போவதாகச் சொன்னார். பத்திரிகைகளில் அன்று வேறு பேச்சே இல்லை. அந்த ஆட்டத்தின் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என இரண்டு அணிகளோடு இருந்தும், லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் 2025 கோடையில் ரக்பிக்கே திரும்பிவிட்டார். அதே கோடையில் பெர்ன்ஹார்ட் ரைமான் என்ற ஆஸ்திரியர், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியோடு 4 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அது பெரிய செய்தியாகவில்லை.

திறமைக் குறைவு என்று ரீஸ்-ஸாமிட்டைச் சொல்ல முடியாது. 40 கஜத்தை, அதாவது சுமார் 36.6 மீட்டரை, 4.43 விநாடியில் ஓடியவர் அவர். என்எஃப்எல்லிலேயே அது நல்ல வேகம். ஆனால் இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியை அவர் எடுத்தது 23 வயதை நெருங்கும்போது. ரைமான் 14 வயதில் வியன்னா வைக்கிங்ஸ் கிளப்பில் சேர்ந்தவர். பிறகு மாணவர் பரிமாற்றத்தில் மிச்சிகன் மாநிலப் பள்ளி ஒன்றுக்குப் போனார். ஆஸ்திரியா திரும்பி ராணுவச் சேவையை முடித்தார். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2022 டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் சுற்று சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாம் சுற்றில் தேர்வானார்.

எந்த வழியில் போவது என்பதை வயதும் உடம்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பேப்பரில் அதிகம் அடிபடும் வழிதான் இருப்பதிலேயே குறுகலான வழி. ஐரோப்பாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் உட்பட, இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பொசிஷன்

லீக், கிளப், கல்லூரி எல்லாம் அப்புறம். எந்த இடத்தில் ஆடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த ஆட்டத்தில் தாக்குதலுக்கு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர், பந்தை உதைப்பதற்கென்று தனி ஆட்கள். ஒவ்வொரு இடத்துக்கும் உடம்பு வேறு, வேலை வேறு. தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவரைக் காக்கும் அஃபென்சிவ் டேக்கிளுக்கு ஆறரை அடி உயரமும் 140 கிலோ எடையும் சர்வசாதாரணம். எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை ஒட்டியே ஓடும் கார்னர்பேக் 85, 90 கிலோதான் இருப்பார். ஆனால் முதுகுப்பக்கமாக ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பி, எதிராளியின் முழு வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

ஐரோப்பியர்கள் எங்கே நிலைத்தார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டுசல்டார்ஃப் பகுதியில் வளர்ந்து நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியோடு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை இரண்டு முறை வென்ற செபாஸ்டியன் ஃபோல்மர் டேக்கிள். லண்டனில் பிறந்த ஜெர்மைன் எலுமுனோர் அஃபென்சிவ் லைன்மேன், அதாவது தாக்குதலின் முன்வரிசையில் நின்று எதிராளியை மறிப்பவர். எஸ்டோனியாவில் குண்டும் வட்டும் எறிந்துகொண்டிருந்த மார்கஸ் ஹன்ட் டிஃபென்சிவ் லைன். பெர்லினில் வளர்ந்து 2013இல் முதல் சுற்றிலேயே டிராஃப்ட் ஆன பியோர்ன் வெர்னரும் அதே தடுப்பு வரிசைதான். ஆறேகால் அடி உயரத்தோடு வேகமாகவும் நகரும் உடம்பு உலகத்தில் எங்கேயும் அரிது. அதனால் அதைத் தேடி அமெரிக்கர்களே கடல் கடந்து வருகிறார்கள்.

குவார்ட்டர்பேக் ஆசையோடு வருகிறவரிடம் நான் வேறு இடம் பார்க்கத்தான் சொல்வேன். அமெரிக்கப் பையன்கள் ஏழெட்டு வயதிலிருந்தே எதிரணியின் தடுப்பைப் படித்துப் பழகுகிறார்கள். பதினேழு வயதில் தொடங்கி அந்த இடைவெளியை அடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

உள்ளூர் கிளப்பில் சேருங்கள்

ஜெர்மனியில் 1979 முதல் தேசிய லீக் நடக்கிறது. ஐரோப்பாவில் அடித்தளம் வலுவாக இருப்பது அங்கேயும் ஆஸ்திரியாவிலும்தான். பிரிட்டனில் கிளப்புகளோடு பல்கலைக்கழக அணிகளும் உண்டு. 19 வயதுக்குட்பட்டோர் அணி வைத்திருக்கும் கிளப்பாகப் பாருங்கள். பெரியவர்கள் அணி எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறது என்பது உங்களுக்கு முக்கியமில்லை. லைன்மேன்களுக்கென்று தனிக் கோச் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அங்கேயே சேர்ந்துவிடலாம்.

முதல் சில மாதங்கள் சலிப்பாக இருக்கும். லைன்மேனாக இருந்தால் பந்தையே தொடமாட்டீர்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, தலையை நிமிர்த்தி நிற்கச் சொல்வார்கள். பந்து அசைந்ததும் எடுத்து வைக்கும் முதல் அடி அரைச் சாண்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் ஒரு கால் காற்றில் இருக்கும்போதே எதிராளி இடித்துத் தள்ளிவிடுவார். இரண்டாவது அடி தரையில் படும்போது உங்கள் இரு கைகளும் அவருடைய நெஞ்சுக் கவசத்துக்குள் போயிருக்க வேண்டும், முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க வேண்டும். கை வெளிப்பக்கமாகப் போய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், உங்கள் அணி 10 கஜம் பின்னால் போகும். இந்த இரண்டு அடியை ஒரு மாலைப்பொழுது முழுக்கச் செய்ய வைப்பார்கள்.

ரக்பியிலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பந்து கையில் இல்லாத ஆளை மறிப்பது ரக்பியில் குற்றம். இங்கே பாதி ஆட்டமே அதுதான். வருடக்கணக்காகக் காலில் ஊறிய பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். டேக்கிள் செய்ய, அதாவது ஆளைப் பிடித்து வீழ்த்த, தெரியும் என்ற தைரியத்தில் வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

15 முதல் 18 வயது வரை

இந்த வயதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, என்எஃப்எல் லீக்கே நடத்தும் அகாடமி. 2019இல் லண்டனில் தொடங்கி, 2022இல் லஃப்பரோ பல்கலைக்கழக வளாகத்துக்கு மாறியது. படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்புவதுதான் நோக்கம்.

மற்றொன்று, நேராக அமெரிக்க உயர்நிலைப் பள்ளி. இதில் விசா விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் அரசுப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம்தான் படிக்க முடியும், அதற்கான முழுச் செலவையும் நீங்களே கட்ட வேண்டும். பரிமாற்ற மாணவராகப் போனாலும் ஓராண்டுதான். தனியார் பள்ளிகளுக்கு இந்த 12 மாத வரம்பு கிடையாது. வெர்னர் படித்தது கனெக்டிகட் மாநிலத்தின் சாலிஸ்பரி என்ற தனியார் உறைவிடப் பள்ளியில். அப்படிப்பட்ட பள்ளிகள் சிலவற்றில் பன்னிரண்டாவது முடித்த பிறகும் கூடுதலாக ஓராண்டு படித்து ஆட இடம் தருவார்கள். கட்டணம் மலைக்க வைக்கும், அதனால் நிதியுதவி உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கல்லூரி: உண்மையில் அகலமான வழி

என்எஃப்எல்லுக்கு ஆள் எடுக்கும் இடம் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம்தான். ஐரோப்பியருக்கும் அதுவே. நம் வீடுகளில் முதலில் கேட்கும் கேள்விக்கும் இங்கே பதில் உண்டு: ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் தருவதில்லை. ஆனால் அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி தாராளமாக இருக்கும். மதிப்பெண் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல இடம்.

இரண்டு விஷயத்தில் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. முதலாவது, கடிகாரம். நீங்கள் எந்த நாட்டில் முழுநேர மாணவராகக் கல்லூரியில் சேர்ந்தாலும் என்சிஏஏ கணக்கில் உங்கள் ஆடும் காலம் ஓடத் தொடங்கிவிடும். சும்மா இருப்பானேன் என்று ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டு படிப்பது, பிறகு அமெரிக்காவில் ஓராண்டைக் காவு வாங்கும். இரண்டாவது, காசு. உள்ளூர் கிளப் சம்பளம் என்று ஏதாவது கொடுத்தால், வாங்கும் முன் அது உங்கள் தகுதியைப் பாதிக்குமா என்று கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன. அண்ணன் போனபோது இருந்த விதி தம்பிக்குப் பொருந்தாது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரம் மூலம் சம்பாதிக்கலாம் என்றாலும், மாணவர் விசாவில் இருப்பவருக்கு வேலை செய்வதில் கட்டுப்பாடுகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கோச்சின் கண்ணில் படுவது எப்படி? வீடியோதான். விளையாட்டு வீடியோக்களுக்கான ஹட்ல் தளத்தில் கணக்கு தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒரு தொகுப்பு போடுங்கள். உங்களுடைய ஆகச் சிறந்த ஐந்து ஆட்டத்துண்டுகள் முதல் அரை நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் பந்து நகரும் முன் படத்தை நிறுத்தி, நீங்கள் யார் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். பின்னணிப் பாட்டு தேவையில்லை. உயரமான இடத்திலிருந்து எல்லா 22 பேரும் தெரியும்படி எடுத்த படம்தான் வேண்டும். அதோடு முழு ஆட்டம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தொகுப்பில் எல்லோரும் புலிதான், முழு ஆட்டத்தில்தான் சோர்ந்த பிறகு நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பது தெரியும். மின்னஞ்சலைத் தலைமைக் கோச்சுக்கு அனுப்பிப் பயனில்லை. உங்கள் பொசிஷனைக் கவனிக்கும் கோச்சுக்கு அனுப்புங்கள். உயரம், எடை, படிப்பு முடியும் ஆண்டு, மதிப்பெண், ஓட்ட நேரம், ஐந்து வரி போதும். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டிச் சொல்லாதீர்கள். ஜூன் மாதக் கோடை முகாம்களில் அவர்களே அளந்து பார்ப்பார்கள்.

பெரிய கல்லூரி எதுவும் பதில் போடவில்லையா? ஜூனியர் காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள் இருக்கின்றன. மான்செஸ்டரில் வளர்ந்த மெனலிக் வாட்சன் முதலில் கூடைப்பந்துக்காகத்தான் அமெரிக்கா போனார். கலிஃபோர்னியாவின் சேடில்பேக் என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஃபுட்பால் தொடங்கி, அங்கிருந்து ஃப்ளோரிடா ஸ்டேட் போய், 2013இல் இரண்டாம் சுற்றில் ரெய்டர்ஸ் அணிக்குத் தேர்வானார். தாமதமாகத் தொடங்கியும் தேறியவர்களில் எனக்கு அதிகம் பிடித்த கதை இது.

தலைக்காயம் பற்றி வீட்டில் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மூளை அதிர்ச்சி திரும்பத் திரும்ப ஏற்படுவதன் நீண்டகாலப் பாதிப்பு இந்த ஆட்டத்தின் நிஜம். கல்லூரி தரும் மருத்துவக் காப்பீடு எதுவரை, படிப்பு முடிந்த பிறகு எத்தனை காலம் என்பதைக் கடிதமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது தாண்டிவிட்டதா? ஐபிபி

வேறு விளையாட்டில் உச்சத்தில் இருப்பவர்களுக்காகவும், ஐரோப்பிய லீக்குகளில் ஆடுபவர்களுக்காகவும் என்எஃப்எல் 2017இல் தொடங்கியது இன்டர்நேஷனல் பிளேயர் பாத்வே, சுருக்கமாக ஐபிபி. தேர்வு முகாம்களில் பார்த்து எடுக்கும் சிலரை ஃப்ளோரிடாவில் சுமார் 10 வாரம் வைத்துப் பயிற்சி தருகிறார்கள். கடைசியில் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் முன்னால் ஓடி, தாவி, எடை தூக்கிக் காட்ட வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் 102 கிலோவை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணுவார்கள்.

முதல் சில ஆண்டுகளில் லீக்கின் ஏதாவது ஒரு டிவிஷனின், அதாவது பிரிவின், 4 அணிகள்தான் இப்படி ஆள் எடுக்க முடிந்தது. 2024 சீசனிலிருந்து 32 அணிகளுக்கும் பயிற்சிப் பட்டியலில், அதாவது பிராக்டிஸ் ஸ்குவாடில், 16 பேருக்கு மேல் ஒரு வெளிநாட்டவருக்குக் கூடுதல் இடம் உண்டு. அணிக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. அதனால் அணிக்குள் போவது முன்பைவிட எளிது. மைதானத்தில் இறங்குவது முன்னைப் போலவே கடினம்.

ஏன் என்று இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்து ரக்பி விங்கர் கிறிஸ்டியன் வேட், 2019இல் பஃபலோ பில்ஸ் அணிக்காக முன்பருவ ஆட்டத்தில் பந்தைத் தொட்ட முதல் முறையே 65 கஜம் ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் அடித்தார். அப்படி ஓடியவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஹால் யுனிகார்ன்ஸ் கிளப்பிலிருந்து 2016இல் நேரடியாக டிராஃப்ட் ஆன மோரிட்ஸ் போரிங்கருக்கும் அதே கதிதான். 53 பேர் கொண்ட அணியில் கடைசிச் சில இடங்களில் இருப்பவர்கள், உதை ஆட்டங்களில் ஓடிப்போய் டேக்கிள் செய்யவும் மறிக்கவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பந்தோடு ஓட மட்டுமே தெரிந்த ஐந்தாவது ரன்னிங்பேக்குக்கு அங்கே வேலை இல்லை. அடுத்தது மனப்பாடம். ஆடத் தொடங்கும் முன் வீரர்கள் கூடி நிற்கும் ஹடிலில் குவார்ட்டர்பேக் சொல்லும் ஒரே வரியில் அணிவகுப்பு, நகர்வு, பாதுகாப்பு, ஓட்டப் பாதை எல்லாம் சங்கேதமாக அடுக்கியிருக்கும். உங்களுக்கான சொல் அதில் ஒன்றோ இரண்டோதான். அதைப் பிடித்து, ஓடிப்போய் நின்று, எதிரணி இடம் மாறியதும் குவார்ட்டர்பேக் கத்தும் மாற்றத்தையும் கேட்டு, சரியான காலில் கிளம்ப வேண்டும். இவ்வளவும் 40 விநாடிக்குள். யோசித்துவிட்டு ஓடினால் 4.43 வேகமும் 4.8 ஆகிவிடும்.

இந்த வழியில் வென்றவர்கள் எல்லோரும் எந்த வேலை கொடுத்தாலும் செய்தவர்கள். ஸ்டுட்கார்ட்டின் யாகோப் ஜான்சன், பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் போய் வழி திறந்துவிடும் இடமான, பல அணிகள் கைவிட்டுவிட்ட ஃபுல்பேக்குக்கு மாறி, பேட்ரியட்ஸில் இடம் பிடித்தார். லண்டன் வாரியர்ஸ் கிளப்பில் ஆடிய எஃபே ஒபாடா, 2018இல் கரோலினா பேந்தர்ஸுக்காகத் தன் முதல் லீக் ஆட்டத்தில் ஒரு சாக்கும் (குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது) ஒரு இன்டர்செப்ஷனும் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்து, அந்த வாரத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைத் தன் கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கின் இரு பாதிகளில் ஒன்றில், வாங்கினார். ஐபிபியின் ஆகப்பெரிய வெற்றி ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் மைலாடா. ஆறு அடி எட்டு அங்குலம், 160 கிலோவுக்கு மேல். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2018இல் ஏழாம் சுற்றில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குத் தேர்வாகி, சுமார் இரண்டு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்து கற்றார். இப்போது சூப்பர் பௌல் வென்றவர். அந்தக் காத்திருப்புக்கு மனம் தயாராக இல்லையென்றால் உங்கள் பழைய கிளப்போடு உறவை முறித்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வர நேரலாம்.

உதைப்பவர்களுக்கு மட்டும்

இந்த வழிக்கு ஐரோப்பாவில் நீண்ட பாரம்பரியம் உண்டு. பனிச்சறுக்குத் தாவலுக்காக மொன்டானா போன நார்வேக்காரர் யான் ஸ்டெனரூட், பரிமாற்ற மாணவராக இண்டியானாபோலிஸ் வந்த டென்மார்க்கின் மார்ட்டன் ஆண்டர்சன், இருவரும் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். இப்போது முறை அயர்லாந்துடையது. அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பாலில் கோல்கீப்பராக இருந்த சார்லி ஸ்மித், 2024இல் ஐபிபி வழியாக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் சேர்ந்தார். அவருடைய கால் ஏற்கெனவே தயாராக இருந்தது. கேலிக் கோல்கம்பங்களுக்கு இடையே 6.5 மீட்டர், என்எஃப்எல்லில் 5.64 மீட்டர். புதிதாகக் கற்க வேண்டியது நேரம்தான். பந்து பின்னால் வந்து, பிடிப்பவர் அதை நிறுத்தி, நீங்கள் உதைக்கும் வரை 1.3 விநாடிதான். அதனால் தனியாக மைதானத்தில் நின்று 60 கஜம் உதைத்த வீடியோவை எந்தக் கோச்சும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பந்து எறிபவரும் பிடிப்பவரும் இருக்க உதைத்த படத்தை அனுப்புங்கள்.

காசு, ஒப்பந்தம், ஏஜென்ட்

2025 கணக்கில் பிராக்டிஸ் ஸ்குவாட் சம்பளம் வாரத்துக்குக் குறைந்தது 13,000 டாலர். 18 வாரமும் நீடித்தால் 2,34,000 டாலர். ஆனால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் வீட்டுக்கு அனுப்பலாம். அதே 2025 கணக்கில் முதன்மைப் பட்டியலில் ஏறும் புதுமுகத்தின் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 8,40,000 டாலர். இரண்டிலுமே வரி நன்றாகப் பிடிக்கும்.

இடம் கிடைக்காதவர்கள் கனடா லீக்கைப் பாருங்கள். 2019 முதல் அமெரிக்கா, கனடா அல்லாத நாட்டவருக்கென்று தனி டிராஃப்ட் நடக்கிறது, உதைப்பவர்களுக்கு அங்கே வரவேற்பு அதிகம். ஐரோப்பாவிலேயே சம்பளத்துக்கு ஆடும் லீக்குகள் எழுவதும் உடைவதுமாக இருப்பதால், கிளப் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று பழைய வீரர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். உடல் மோதல் வேண்டாம் என்பவர்களுக்கும் பெண்களுக்கும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வரும் ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளை வீழ்த்தாமல் இடுப்பில் தொங்கும் துணியை உருவும் வடிவம்) நல்ல இலக்கு, தேசிய அணிகள் இப்போதே ஆள் தேடுகின்றன.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். என்எஃப்எல் வீரர்கள் சங்கத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே அணியோடு ஒப்பந்தம் பேச முடியும். ஒப்பந்தத் தொகையில் அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 3 சதவீதம், அதுவும் உங்களுக்குச் சம்பளம் வந்த பிறகுதான். பதிவு பெற்றவரா இல்லையா என்பதைச் சங்கத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தட்டினாலே பார்த்துவிடலாம்.